பச்சை விறகா, காய்ந்த விறகா: வாங்குபவர் கணக்கும் விற்பவர் கணக்கும்

கல்யாணச் சமையல் எடுத்துச் செய்பவர்கள், விறகு அடுப்பில் பேக்கரி நடத்துபவர்கள், ஒரு ஏக்கர் சவுக்கை வெட்டக் காத்திருப்பவர்கள் என்று மூன்று தரப்பிலிருந்தும் ஒரே கேள்விதான் வந்துகொண்டிருக்கிறது. பச்சை விறகு டன்னுக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு குறைவாகக் கிடைக்கிறதே, அதை வாங்கிப் போட்டுக் காயவைத்தால் லாபம்தானே? விற்பவர் இதையே திருப்பிக் கேட்கிறார்: காயவைத்து விற்றால் விலை கூடுகிறதே, ஏன் பச்சையாகவே தள்ளிவிட வேண்டும்?

நம் ஊரில் விறகு எடைக்கு விற்கிறது. சிக்கலெல்லாம் அதில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் 4 அடி அகலம், 4 அடி உயரம், 8 அடி நீளத்துக்கு அடுக்கி, 128 கன அடியை ஒரு 'கார்டு' என்று அளந்து விற்கிறார்கள். மரம் காய்ந்தால் அந்த அடுக்கு பெரிதாகச் சுருங்கிவிடாது. அதனால் அங்கே காய்ந்த விறகுக்குக் கூடுதல் விலை என்றால் அது காத்திருந்த கூலி, அவ்வளவுதான். இங்கே லாரி எடைமேடையில் ஏறும்போது மரத்தோடு தண்ணீரும் ஏறுகிறது. அந்தத் தண்ணீருக்கு யார் காசு கொடுப்பது, அது போகும்வரை யார் காத்திருப்பது என்பதுதான் பேரத்தில் உண்மையாக நடக்கும் பேச்சு. இரண்டு பேரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

## எதையெல்லாம் வைத்து முடிவெடுப்பது

விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. விறகில் ஈரம் எவ்வளவு, அது என்ன மரம், எந்த அடுப்பில் எரியப்போகிறது, எந்த மாதத்தில் எரியப்போகிறது, போட்டுவைக்க இடமும் புரட்டிவைக்க ஆளும் உண்டா, போட்ட பணம் இரண்டு மூன்று மாதம் முடங்கினால் தாங்குமா: இந்த ஆறுக்கும் பதில் தெரிந்தால் எது தோது என்பது தானாகவே தெரியும். ஆறில் முதல் மூன்றுதான் முக்கியம். மற்றவை அவரவர் வசதி.

ஈரம். வெட்டிய அன்று பெரும்பாலான மரங்களில் எடையில் 40 முதல் 50 சதவீதம் தண்ணீர்தான். சீமைக்கருவேல் மாதிரி கனத்த கட்டையில் கொஞ்சம் குறையும். முருங்கை, தென்னை போன்ற சோற்று மரங்களில் இன்னும் கூடும். நன்றாகக் காய்ந்த விறகு என்று சொல்வது 20 சதவீதமும் அதற்குக் கீழும். எலும்பாகக் காய்ந்தது என்று வாயால் சொன்னாலும், காற்றில் இருக்கும் ஈரம் விடாது. நம் ஊர் வெயிலில் எத்தனை மாதம் போட்டாலும் 10, 12 சதவீதத்துக்குக் கீழே இறங்குவது அபூர்வம்.

கீழே உள்ள பட்டியலை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். கடைசிப் பத்தியில் இருப்பது, காய்ந்த விறகு டன் 4,500 ரூபாய் என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொண்டு போட்டது. உங்கள் ஊர் விலையை அதில் போட்டுக்கொள்ளலாம்.

| வாங்கும்போது ஈரம் | 1 டன் வாங்கினால் 20 சதவீத ஈரத்துக்குக் காய்ந்தபின் மிஞ்சுவது | அப்படியே எரித்தால் கிலோவுக்குக் கிடைக்கும் வெப்பம் (சுமார்) | அதிகபட்சம் கொடுக்கக்கூடிய விலை (டன்) |
|---|---|---|---|
| 50 சதவீதம் | 625 கிலோ | 1,900 கிலோ கலோரி | ரூ. 2,810 |
| 40 சதவீதம் | 750 கிலோ | 2,400 கிலோ கலோரி | ரூ. 3,375 |
| 30 சதவீதம் | 875 கிலோ | 2,900 கிலோ கலோரி | ரூ. 3,940 |
| 20 சதவீதம் | 1,000 கிலோ | 3,400 கிலோ கலோரி | ரூ. 4,500 |

பத்து சதவீத ஈரத்துக்கு ஏறக்குறைய 500 கிலோ கலோரி போகிறது என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். கடைசிப் பத்தியில் உள்ள விலை, காயவைக்கும் செலவு எதையும் சேர்க்காதது. இறக்கு கூலி, அடுக்கு கூலி, இடம், வட்டி, உளுத்துப்போகிற பங்கு எல்லாம் அதிலிருந்து இன்னும் கழிய வேண்டும்.

மரம். சவுக்கு பச்சையாக இருக்கும்போதே தீ பிடிக்கும் மரம். அந்தக் குணத்தால்தான் 19-ஆம் நூற்றாண்டில் நீராவி ரயில் எஞ்சின்களுக்கு விறகு வேண்டுமென்று நம் கடற்கரைகளில் அதை வளர்த்தார்கள். சீமைக்கருவேலும் பாதி வாடினாலே நன்றாக எரியும், தணலும் நிற்கும். புளி, வேம்பு காய்ந்தால் அருமை. பச்சையில் மூக்கையும் கண்ணையும் கெடுக்கும். மா லேசான மரம், சீக்கிரம் காயும், சீக்கிரம் எரிந்தும் போகும். கன்னியாகுமரிப் பக்கம் கிடைக்கும் ரப்பர் விறகைப் பச்சையாக வாங்கிக் குவித்துப் போட்டால் காய்வதற்கு முன்னே பூஞ்சணமும் புழுவும் ஏறிவிடும். ஆகவே 'பச்சை விறகு' என்று பொதுவாகச் சொல்வதில் அர்த்தமில்லை. பச்சைச் சவுக்கும் பச்சைப் புளியும் ஒன்றல்ல.

அடுப்பு. இதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## பச்சையாக வாங்கி அப்படியே எரிப்பது

இதைப் பற்றிப் பரவலாக ஒரு தப்பான எண்ணம் உண்டு. ஈரத்தை ஆவியாக்கவே பாதி வெப்பம் போய்விடுகிறது என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை. 40 சதவீத ஈரமுள்ள ஒரு டன்னை அப்படியே எரித்தால் ஏறக்குறைய 24 லட்சம் கிலோ கலோரி. அதையே காயவைத்து 750 கிலோவாக்கி எரித்தால் 25.5 லட்சம். தண்ணீரை ஆவியாக்கக் கூடுதலாகச் செலவாவது ஆறு சதவீதம்தான்.

அப்படியானால் பச்சை விறகில் உலை கொதிக்க ஏன் இவ்வளவு நேரமாகிறது? மரத்தின் எடையில், தண்ணீரை நீக்கிப் பார்த்தால், முக்கால் பங்குக்கு மேல் சூடேறியதும் வாயுவாகக் கிளம்புவது. அந்த வாயு எரிவதைத்தான் நாம் சுடர் என்கிறோம். மிச்சம் கால் பங்குதான் தணல். ஈரம் அடுப்பைக் குளிரவைத்துவிட்டால் வாயு எரியாமலே வெளியே போகிறது. கண்ணைக் கரிக்கும் அந்தப் புகை நீங்கள் காசு கொடுத்து வாங்கிய எரிபொருள். ஈரம் நேரடியாகத் தின்பது கொஞ்சம், புகையாக வெளியே அனுப்புவது ஏராளம். பாத்திரத்தின் அடியில் கரி, புகைக்கூண்டில் கீல், சமையல்காரரின் நெஞ்சில் இருமல் எல்லாம் அதன் பாக்கிதான்.

அடுப்பில் வைத்த கட்டையின் வெளி முனையைப் பார்த்தாலே தெரியும். உள்ளே ஒரு முனை எரியும்போது வெளி முனையில் முதலில் ஒரு வட்டமாக ஈரம் கசியும். பிறகு சின்னச் சின்னக் குமிழாக நுரை தள்ளும், 'ஸ்ஸ்' என்று சீறும், மஞ்சளாய் ஒரு தண்ணீர் சொட்டும். நுரை நிற்கும்வரை அந்தக் கட்டை உங்களுக்கு வேலை செய்யவில்லை. பக்கத்தில் எரியும் காய்ந்த கட்டையின் சூட்டில் காய்ந்துகொண்டிருக்கிறது.

கல்யாண வீட்டில் கோட்டை அடுப்பு போட்டுச் சமைப்பவர்களுக்கு இது ஒத்தே வராது. முகூர்த்தம் ஒன்பது மணிக்கு என்றால் ஏழரைக்கு இலை போட வேண்டும். சாதத்தில் புகை நாற்றம் ஏறினாலோ பாயசம் புகைந்துபோனாலோ, விறகில் மிச்சம் பிடித்த ஐந்நூறு ரூபாயைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை. பேக்கரிக்கும் அப்படித்தான். செங்கல் ஓவனுக்குள் தீ போட்டு, தணலை ஒதுக்கிவிட்டு, சுவரில் ஏறிய சூட்டில் ரொட்டி வேகவைப்பவர்களுக்குச் சுவர் சூடேறும் நேரம்தான் முதல். ஈர விறகு அந்த நேரத்தை இழுத்துவிடும், கரியையும் சுவரில் பூசிவிடும்.

பச்சை எங்கே எடுபடும்? செங்கல் சூளையில், முதல் கட்டத்தில். பச்சைக்கல்லின் ஈரம் மெதுவாகப் போவதற்கு இளஞ்சூடுதான் வேண்டும். எடுத்த எடுப்பில் கொழுந்துவிட்டு எரிந்தால் கல் வெடிக்கும். கனத்த, அரைகுறையாக வாடிய தூர்க்கட்டைகளை அங்கே தள்ளலாம். கரிமூட்டம் போடுகிறவர்களும், ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் பார்க்கலாம், வெட்டிக் கொஞ்ச நாள் வாடிய சீமைக்கருவேலை அடுக்கி மண் பூசித் தீ வைத்துவிடுகிறார்கள். ஆனால் அங்கேயும் ஈரம் சும்மா விடுவதில்லை. நாட்டு மூட்டத்தில் ஒரு டன் கரிக்கு நாலைந்து டன் விறகு பிடிக்கும். ஈரம் கூடக்கூட, உள்ளே இருக்கும் விறகிலேயே ஒரு பங்கு எரிந்துதான் மற்றதைக் காயவைக்க வேண்டும், கரி குறையும்.

இவை தவிர, பெரிய உலையில் சவுக்கு எரிப்பவர்கள் பச்சையைச் சமாளிப்பார்கள். மற்ற யாருக்கும், என் கருத்தில், பச்சையை அப்படியே எரிப்பது எந்த விலையிலும் மலிவல்ல.

## பச்சையாக வாங்கிக் காயவைப்பது

கேள்வி கேட்டவர்களில் பாதிப் பேர் மனதில் இருப்பது இதுதான். லாபம் உண்டா என்றால், உண்டு. ஆனால் நினைப்பதைவிட மெல்லியது.

மேலே போட்ட விலையையே எடுத்துக்கொள்வோம். காய்ந்தது 4,500, பச்சை 3,000. பார்த்தால் டன்னுக்கு 1,500 ரூபாய் மிச்சம். ஈரம் 40 சதவீதம் என்றால் ஒரு டன் காய்ந்து 750 கிலோ ஆகிறது. அப்படியானால் காய்ந்த டன் ஒன்றுக்கு நீங்கள் கொடுத்தது 4,000. இறக்கி அடுக்கும் கூலி, மேலே போடும் தகரமோ தார்ப்பாயோ, உளுத்தது, பொடிந்தது என்று 300 ரூபாய் வைத்தால் 4,300. மிச்சம் 200. அதே விறகில் ஈரம் 50 சதவீதமாக இருந்தால் காய்ந்த டன் 4,800 ஆகிவிடும், கையிலிருந்து போகும். ஈரம் 30 என்றால் 3,430 தான். செலவு போகவும் நல்ல லாபம். அதாவது விலையைப் பேசுவதற்கு முன் ஈரத்தை அறியாதவர் சூதாடுகிறார்.

வாடகையும் இதில் மறைந்து நிற்கிறது. பத்து டன் பச்சை விறகு ஏற்றிய லாரியில் நாலு டன் தண்ணீர். தொலைவிலிருந்து வரவழைப்பவர் அந்த நாலு டன்னுக்கும் லாரி வாடகை கொடுக்கிறார். முப்பது, நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போனால் பச்சை வாங்குவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்பேன்.

ஆனாலும் இந்த வழியில் ஒரு பெரிய வசதி உண்டு, அதை விலையில் யாரும் சேர்ப்பதில்லை. பச்சைக்கட்டை கோடாலிக்கு இணங்கும். காய்ந்த சீமைக்கருவேலையோ வைரம் பாய்ந்த புளியையோ பிளந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஆப்பு துள்ளி வெளியே வரும், கோடாலி வாய் மழுங்கும், ஆள் அரை நாளில் உட்கார்ந்துவிடுவார். பிளக்காத உருட்டுக் கட்டையைக் காய்ந்த பிறகு வாங்குகிறவர், பிளக்கும் கூலியில் பச்சை வாங்கியவரைவிடக் கூடக் கொடுக்கிறார். பிளப்பது என்றால் பச்சையில் பிளந்துவிட வேண்டும்.

பிளப்பது காய்வதற்கும் அவசியம். மரத்துக்குள் இருக்கும் தண்ணீர் வெட்டு முகங்கள் வழியாகத்தான் வேகமாக வெளியேறும். பட்டை வழியாக மிக மெதுவாக. பட்டையோடு ஆறடி நீளத்தில் போட்டுவைத்த உருட்டுக் கட்டை ஒரு வருடம் கழித்தும் நடுவில் ஈரமாக இருக்கும். அதே கட்டையை ஒன்றரை அடியாக அறுத்து நாலாகப் பிளந்து சித்திரை வெயிலில் வைத்தால் ஆறு, எட்டு வாரத்தில் எரிக்கும் பதத்துக்கு வந்துவிடும். நாள் கணக்கைவிட அறுத்த நீளமும் பிளந்த கனமும்தான் பேசும்.

அடுக்குவதில் செய்ய வேண்டியவை சில. மண்ணில் நேராக வைக்காமல் செங்கல் மேல் இரண்டு கழி போட்டு அதன்மேல் அடுக்க வேண்டும், இல்லையென்றால் கரையான் வாசம் பிடித்துவிடும். குறுக்கும் நெடுக்குமாக, காற்று நுழைய இடம் விட்டு அடுக்க வேண்டும். மேலே மட்டும் மூட வேண்டும். தார்ப்பாயைத் தரைவரை இறக்கிச் சுற்றிக் கட்டினால் உள்ளே வேர்த்து வெள்ளைப் பூஞ்சணம் பூக்கும். தேளும் பூரானும் குடியேறும் என்பதால் வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். காலில் செருப்பில்லாமல் விறகு எடுக்கப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள்.

மாதம் பார்த்து வாங்குவது பாதி வெற்றி. மாசி, பங்குனியில் பச்சை வாங்கிப் பிளந்து போட்டால் கோடை முழுக்க உங்களுக்காக வேலை செய்யும். இரண்டாவது வாய்ப்பு ஆனி, ஆடி. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது தென்காசி, தேனி, கோவைப் பக்கம் இருப்பவர்களுக்கு வெறும் பழமொழி இல்லை; கணவாய் வழியாக வரும் அந்தக் காற்று வெயில் குறைவாக இருந்தாலும் விறகைக் காயவைத்துவிடும். ஆடியில் கல்யாணமும் இல்லை என்பதால் கடைகளில் கிராக்கி குறைவு, விலை இறங்கிப் பேசலாம். புரட்டாசிக்குப் பிறகு பச்சை வாங்கிப் போட்டவர் ஐப்பசி, கார்த்திகை மழையில் அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். தைப்பொங்கல் வரைக்கும் அது விறகாகாது.

## காய்ந்ததை வாங்குவது

நேரமில்லாதவருக்கு, இடமில்லாதவருக்கு, தேதி குறித்த வேலை இருப்பவருக்கு இதுதான். சமையல் ஒப்பந்தக்காரர் எவருக்கும் நான் வேறு யோசனை சொல்லமாட்டேன். டன்னுக்குக் கூடக் கொடுப்பதுபோல் தெரியும். முன்னே போட்ட கணக்கின்படி கூடக் கொடுப்பது பல நேரம் 200, 300 ரூபாய்தான்.

சிக்கல், காய்ந்தது என்று விற்பதெல்லாம் காய்ந்ததில்லை என்பது. விறகுக் கடையில் போய் "அண்ணே, காஞ்ச விறகுதானே?" என்று கேட்டால் "காஞ்சதுதான் தம்பி, போன மாசமே வெட்டுனது" என்று பதில் வரும். வெட்டியது போன மாதமாக இருக்கலாம், பிளந்தது நேற்றாக இருக்கும். இந்த அரைக்காய்ச்சல் விறகுதான் சந்தையில் அதிகம் புழங்குவது; காய்ந்த விலை, 30 சதவீத ஈரம். அதற்குக் கிலோவுக்கு 500 கிலோ கலோரி குறைவாகக் கிடைக்கிறது என்று பட்டியலே சொல்கிறது.

பார்த்துத் தெரிந்துகொள்ள வழி உண்டு. இரண்டு பிளவை எடுத்து ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது 'டங்' என்று தெளிவாகக் கேட்கும், ஈரம் 'தொப்' என்று அமுங்கும். வெட்டு முகத்தில் நடுவிலிருந்து வெளியே விரியும் வெடிப்புகள் இருக்க வேண்டும். பட்டை நகம் பட்டாலே உரிய வேண்டும். ஆனால் முனை வெடித்திருப்பதை மட்டும் நம்பக் கூடாது. முனைதான் எப்போதும் முதலில் காயும். ஒரு கட்டையைப் பிளக்கச் சொல்லி உள்முகத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஈரமிருந்தால் சில்லென்றிருக்கும், பச்சை வாசமும் வரும். கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை.

அளந்தே பார்க்க வேண்டுமென்றால் கட்டையின் நடுப்பகுதியில் அறுத்து விழும் தூளையும் மெல்லிய சீவலையும் 100 கிராம் எடுங்கள். பேக்கரிக்காரர்களுக்கு வேறு கருவியே தேவையில்லை: ஓவன் 105 டிகிரி அளவுக்குத் தணிந்த பிறகு ஒரு தட்டில் பரப்பி வையுங்கள், எடை மேலும் இறங்காமல் நிற்கும்வரை அவ்வப்போது நிறுத்துப் பாருங்கள். 100 கிராம் 70-ல் நின்றால் ஈரம் 30 சதவீதம். இருநூறு ரூபாய்ச் சமையலறைத் தராசு போதும்.

மழையில் நனைந்த காய்ந்த விறகைக் கண்டு பயப்பட வேண்டாம். அது மேலோட்டமான ஈரம், நிழலில் இரண்டு மூன்று நாள் காற்றாட வைத்தால் போய்விடும். அன்றைக்கு எடை போடத்தான் கூடாது. எடைமேடைக்குப் போகும் வழியில் லோடுமேல் தண்ணீர் அடிப்பதும் உண்டு, தூரோடு ஒட்டிய மண்ணும் எடையில் ஏறும். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலை அகற்றச் சொன்னபோது ஜேசிபி வைத்துத் தூரோடு பிடுங்கினார்களே, அன்றிலிருந்து தூர்க்கட்டை சந்தையில் சகஜமாகிவிட்டது. தூர் நன்றாக எரியும், நின்று எரியும். மண்ணைத் தட்டிவிட்டு எடை போடச் சொல்லுங்கள்.

காய்ந்ததிலும் ஒரு எல்லை உண்டு. இரண்டு மழைக்காலம் தாண்டிய பழைய விறகைக் கையில் எடுத்தால் காகிதம் மாதிரி லேசாக இருந்து, தட்டினால் மாவு கொட்டினால் அது உளுத்தது. பரபரவென்று எரிந்து சாம்பலாகும், தணல் நிற்காது. எடைக்கு வாங்குவதால் பெரிய நஷ்டம் இல்லை, ஆனால் அதை வைத்துப் பிரியாணிக்குத் தம் போட முடியாது.

## விற்பவர் பக்கம்

வாங்குபவருக்கு 25 சதவீதம் குறைந்தால் சரியாகப் போகும் என்பது விற்பவருக்கு மூன்றில் ஒரு பங்கு கூடினால்தான் சரியாகப் போகும் என்பது. 40 சதவீத ஈரமுள்ள விறகு 20-க்கு வரும்போது ஒரு டன் முக்கால் டன்னாகிறது. விட்ட கால் டன்னை மீட்க மிச்சமிருக்கும் முக்காலின் விலை 33 சதவீதம் ஏற வேண்டும். ஈரம் 50 என்றால் 60 சதவீதம் ஏற வேண்டும். "காய்ந்ததுக்கு டன்னுக்கு ஐந்நூறு கூடத் தர்றேன்" என்று வியாபாரி சொன்னால், 3,000 ரூபாய் விறகில் அது 17 சதவீதம்கூட இல்லை. பச்சையாகவே கொடுத்துவிடுங்கள்.

கொடுப்பதென்றால் தாமதிக்காதீர்கள். வெட்டிய முதல் வாரத்தில்தான் எடை வேகமாக இறங்கும். வெட்டுக் கூலியாள் வந்த அன்றே லாரிக்கும் சொல்லியிருக்க வேண்டும். "லாரி நாளைக்கு வந்துடும்ணே" என்று நாலு நாள் இழுக்கும் வியாபாரி, தெரிந்தோ தெரியாமலோ உங்கள் எடையைக் குறைத்துக்கொண்டிருக்கிறார். நின்ற நிலையில் தோப்பை மொத்தமாகப் பேசி விற்றுவிட்டால் இந்தக் கவலை அவருடையது. சவுக்கில் நல்ல கழி சாரத்துக்கும் பந்தலுக்கும், கட்டை காகித ஆலைக்கும் போய்விடும். விறகுக்கு வருவது நுனியும் மிலாறும் தூரும். அந்த மிச்சத்தை வைத்துக் காயவைத்துப் பணம் பார்க்கலாம் என்று நினைப்பவர் கூலியைக் கவனமாகக் கணக்கிட வேண்டும்.

காயவைத்து விற்பதற்கும் நேரம் உண்டு. எடைக்கு விற்காமல் கட்டுக்கோ, குட்டியானை ஒரு லோடு என்றோ விற்பவருக்குத் தண்ணீர்க் கணக்கே கிடையாது. கட்டு காய்ந்தாலும் கட்டுதான். டீக்கடைகளுக்கும் வீடுகளுக்கும் பிளந்த காய்ந்த கட்டாகக் கொடுத்தால் முழு லாபமும் உங்களுக்கு. சொந்தக் கொட்டகையும் வேலையில்லாத மாதங்களில் பிளக்க வீட்டு ஆளும் இருந்தால், கோடையில் பிளந்து அடுக்கி ஐப்பசியில் திறக்கலாம். அந்த மழை மாதங்களில் காய்ந்த விறகு வைத்திருப்பவர் சொல்வதுதான் விலை.

கண்மாய், புறம்போக்கு மரத்தை ஏலத்தில் எடுத்தவர்கள் ஏல ரசீதின் நகலை லோடுடன் அனுப்புவது நல்லது. வாங்குபவரும் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

## ஆக, யாருக்கு எது

கல்யாணச் சமையல், பிரியாணிக் கடை, பேக்கரி: காய்ந்தது, தட்டிப் பார்த்து. ஆடியில் விலை பேசி ஆவணி முகூர்த்தங்களுக்கு எடுத்துவைத்தால் இன்னும் நல்லது.

கொல்லையில் இடமும் கோடாலி பிடிக்க ஆளும் இருக்கும் வீடு, சிறிய உணவகம், கோயில் அன்னதானக் கூடம்: பக்கத்து ஊரிலிருந்தே பச்சைச் சவுக்கோ கருவேலோ, மாசியில், உடனே பிளந்து. புளியும் வேம்பும் என்றால் ஒரு கோடை முழுவதும் கொடுக்க வேண்டும்.

செங்கல் சூளை, கரிமூட்டம்: வாடிய பச்சை போதும், பச்சை விலைக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

திருப்பூர்ச் சாயப்பட்டறை, நீலகிரித் தேயிலைத் தொழிற்சாலை மாதிரி கொதிகலனுக்கு விறகு வாங்குபவர்களும் அவர்களுக்கு விற்பவர்களும் விலையை ஈரத்தோடு சேர்த்தே பேச வேண்டும். இத்தனை சதவீதம் வரைக்கும் முழு விலை, அதற்கு மேல் ஒவ்வொரு சதவீதத்துக்கும் எடையில் இவ்வளவு கழிவு என்று எழுதிக்கொள்வது நல்லது. எழுதும்போது எந்தச் சதவீதம் என்பதையும் எழுதுங்கள். இந்தக் கட்டுரை முழுக்க நான் சொன்னது விறகின் மொத்த எடையில் தண்ணீரின் பங்கு. கடையில் கிடைக்கும் ஊசி வைத்த ஈர மீட்டர் காட்டுவது பெரும்பாலும் காய்ந்த மரத்தின் எடைக்கு எத்தனை பங்கு தண்ணீர் என்பதை. மீட்டரில் 25 என்றால் நம் கணக்கில் 20. நம் கணக்கில் 40 என்பது அந்தக் கணக்கில் 67; அவ்வளவு ஈரத்தில் மீட்டர் காட்டும் எண்ணை நம்பவும் முடியாது, 30-க்கு மேல் போனால் 'ஈரம்' என்ற அளவில் எடுத்துக்கொண்டு தராசுக்குப் போய்விட வேண்டும். ஒப்பந்தத்தில் '25 சதவீதம்' என்று மட்டும் எழுதிவிட்டு, வாங்குபவர் ஒரு கணக்கிலும் விற்பவர் இன்னொரு கணக்கிலும் நின்றால், ஒவ்வொரு லோடுக்கும் எடைமேடையில் வாக்குவாதம்தான்.